நோகாத கால்களோடு பாலைவனம் போகப் பார்த்தேன்

ஓகஸ்ட் மாதம் நம் செபக்கூட்டத்தில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். என் கால் எரிவை ஆண்டவர் அடியோடு எடுத்துவிட்டார் என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி பிழை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள். வருடா வருடம் கரும்பலகையில் பாலைவனம் வரைந்தேனே தவிர, கடற்கரை மணலைத் தாண்டி வேறு மணலில் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்றதும், என்னோடு படிப்பித்த வெள்ளவத்தை வாசுகியும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஜனவரியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பன்னிரண்டு நாள் நடப்பது. ஒரு வழிகாட்டி, சாமான் சுமக்க ஓர் ஒட்டகம், மற்றபடி எங்கள் கால்கள். இரண்டு டீச்சர்மாருக்கும் விசர் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

வாசுகியின் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக் கிணறுகளைத் தேடினோம். ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு எத்தனை மணி நேர நடை என்று குறித்தோம். நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை வீதியும் இல்லை, ஃபோன் சிக்னலும் இல்லை. அந்த நாலு நாளையும் வாசுகி சிவப்புப் பேனையால் வட்டமிட்டாள். எங்கள் முதல் பட்டியல் முழுக்க வெயிலுக்கான சாமான்தான்: தொப்பி, குடை, கொட்டன் சட்டை. வழிகாட்டி ஃபோனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். விடியப்புறம் கை விறைக்கும், கம்பளி கொண்டு வாருங்கள் என்றார். பாலைவனத்துக் குளிரைப் பற்றிப் பரீட்சைக்குக் கேள்வி போட்டவள் நான். கொழும்பிலேயே கிடந்து வியர்த்த புத்திக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஆனால் என் பெரிய கவலை கால்தான். எட்டு வருடமாக எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. உள்ளங்கால் இரண்டும் மிளகாய் பூசியது போல எரியும். கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் ஒன்றையும் விடாமல் போய் அழுதேன். இந்த எரிவை எடுத்துவிடும், நான் நடக்க வேண்டும் என்று கேட்டேன். ஜூலையில் எரிவு குறைந்தது. ஓகஸ்டில் அறவே இல்லை. ஆண்டவர் சுகப்படுத்தியவளுக்குக் கிளினிக் எதற்கு என்று, தினமும் விழுங்கிய சீனிக் குளிசைகளையும் நிறுத்தினேன். சாட்சியும் சொன்னேன்.

அன்று கூட்டம் முடிய, நம்மோடு செபிக்கும் ரீட்டா அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் சீனிதான், இதே எரிவுதான் பிள்ளை. நானும் இனிக் குளிசையை விட்டிட்டு அவரை மட்டும் நம்பப் போறன்."

நான் தடுக்கவில்லை. பெருமையோடு அவரைக் கட்டிப்பிடித்தேன்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கடலோரமாக நடந்து பழகினோம். திரும்பி வந்து வாசுகியின் வீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன்.

"ஸ்டெல்லா, நில்லும்! நிலமெல்லாம் ரத்தம். உம்மட கால்தான்!"

"எந்தக் கால்?" என்று கேட்டேன்.

வாசுகி வாசலிலிருந்து என் சப்பாத்தை எடுத்துவந்து காட்டினாள். அதன் அடியைத் துளைத்துக்கொண்டு ஒரு துருப்பிடித்த ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கே ஏறியதோ, எவ்வளவு தூரம் அதன்மேல் நடந்தேனோ, எனக்குத் தெரியாது.

அப்படியே களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். காயத்தைக் கழுவிக் கட்டிய பிறகு இளம் டொக்டர் ஒருவர் மெல்லிய நைலோன் நூல் ஒன்றை எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ மிஸ். இதால காலைத் தொடுவன். தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்துக்கொண்டே இருந்தேன்.

"டொக்டர், இன்னும் தொடங்கேல்லையா?"

"ரெண்டு காலிலயும் பத்துப் பத்து இடம் தொட்டு முடிச்சிட்டன் மிஸ்."

எரிவு போனது சுகமானதால் அல்ல, உணர்ச்சி நரம்புகள் செத்துப்போனதால் என்று அவர் பொறுமையாக விளக்கினார். என்னை வார்ட்டில் வைத்தார்கள்; இரண்டு நாளில் காயத்தில் கிருமி ஏறியது. கால்விரலை எடுக்கவும் வேண்டி வரலாம் என்றார் டொக்டர். கட்டிலில் கிடந்தபோது அந்தச் சிவப்பு வட்டம்தான் கண்ணுக்குள் நின்றது. நாலாம் நாள் ஒரு முள் ஏறியிருந்தால், ஏழாம் நாள் வரை எனக்குத் தெரிந்திருக்காது. ஆணியை அனுப்பியவருக்கு நன்றி சொன்னேன்.

உடனே ரீட்டா அக்காவின் நினைவு வந்தது. அப்போது செபித்தேன். "ஆண்டவரே, என் காலை உமது விருப்பப்படி செய்யும். அந்த மனுசியின் காலை என் வாயிலிருந்து காப்பாற்றும்." என் வாழ்நாளில் அப்படி நான் கேட்டதில்லை.

விரல் தப்பியது. காயம் ஆற ஏழு வாரம் எடுத்தது. உணர்ச்சி திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, காயம் ஆறுமுன்பே, தடியை ஊன்றிக்கொண்டு ரீட்டா அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நான் சொன்ன சாட்சி பிழை. குளிசையை எடுங்கோ."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப ஆண்டவர் ஒண்டும் செய்யேல்லையா?"

"செய்தவர் அக்கா. எனக்குத்தான் விளங்கேல்லை."

அடுத்த நாள் இருவரும் கிளினிக்குக்குப் போனோம். அதே நைலோன் நூல். அக்கா கண்ணை மூடினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம்," என்றார். "ஓம். ஓம். அங்கயும் ஓம். ஏன் பிள்ளை அழுறாய்?"

தொட்ட ஓரிடமும் அவருக்குத் தெரியாமல் தப்பவில்லை. அவருடைய கால் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்காக நான் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

இப்போது ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாசுகிக்கு வீடியோ கோல் எடுத்து உள்ளங்காலைக் காட்டுகிறேன். "உம்மட முகத்தைவிட இதைத்தான் கூடப் பாக்கிறன்," என்று சலித்துக்கொள்வாள். வருகிற ஜனவரிக்குப் புதுத் திட்டம் போட்டிருக்கிறோம். வீதி இருக்கும் வழியாகத்தான் போவோம். அவள் நடப்பாள், நான் ஜீப்பில் போய் முன்னுக்குக் காத்திருப்பேன். அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் போக மாட்டோம்.

அவரை நம்புங்கள். நம்பிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றி உள்ளங்காலையும் பாருங்கள். செவ்வாய் நவநாள் முடிய, ரீட்டா அக்காவும் நானும் கோயில் வாசலில் நிற்போம். கால் எரிகிறவர்கள் வாருங்கள். எரிவு நின்றுபோனவர்கள் கட்டாயம் வாருங்கள். சேர்ந்து செபித்துவிட்டுக் கிளினிக்குக்குப் போவோம்.