புகை வராத லொறி

நிறுத்தி வைத்த லொறி திடீரென்று உறுமத் தொடங்கினால் ஊரில் இதைப் படிக்கும் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குக் கை சாவிக்குப் போய்விடும். கனடாவில் நான் ஓட்டும் புது லொறிக்கு அப்படியொரு வியாதி. அதன் புகைக்குழாயில் சின்னப் பீப்பாய் அளவுக்கு ஒரு பெட்டி பூட்டியிருக்கிறார்கள். டீசல் கரியை வெளியே விடாமல் அதுதான் பிடித்து வைக்கிறது. கரி நிறைந்தால் கண்ணெதிரே மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை ஓரங்கட்டி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். எஞ்சின் தன்பாட்டில் உறுமிச் சூடேறி, சேர்ந்த கரியை எரித்து முடிக்கும். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வருவதில்லை. பாதியிலேயே எஞ்சினை அணைத்துவிடுவேன்.

தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவன் நான். அங்கே நின்ற வண்டியில் எஞ்சின் ஓடுவது பெருங்குற்றம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போது மறந்துபோய் ஓடவிட்டால், மேலே ரோட்டிலிருந்தே எங்கள் மேற்பார்வையாளர் கண்டாக்கையா கத்துவார். "ஏய், டீசல் என்ன ஒங்கப்பன் வீட்டு ஊத்துலயா வருது?" இறக்கம் வந்தால் அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே ஃபெக்டரிவரை போய்விடுவோம். பிரேக் பிடிக்குமா என்ற பயத்தைவிட டீசல் பயம் பெரிது. ஏற்றத்தில் மட்டும் கதை வேறு. கறுப்பாகக் கக்கினால்தான் லொறி இழுக்கிறது என்று அர்த்தம். வளைவுக்கு மேலே புகை எழும்புவதைப் பார்த்துத்தான் மலையிலிருந்து பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். புகை மெலிந்துபோனால் எஞ்சினுக்கு ஏதோ சீக்கு என்று உடனே ஓரங்கட்டி பொனட்டைத் திறப்போம்.

இந்தப் பனிக்காலத் தொடக்கத்தில், முழுச் சுமையோடு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது லொறி சோர்ந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நடைவேகம்தான். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹோர்ன் அடித்துத் தீர்த்தார்கள். ஒருவழியாக ஊர்ந்து கராஜுக்குப் போய்ச் சேர்ந்தேன். மெக்கானிக் ஒரு வெள்ளைக்காரர். புகை ஏதும் வந்ததா என்று கேட்டார். நோயாளியின் உறவினன்போல, "வாங்கிய நாளிலிருந்தே இல்லை, மேட்டில்கூட ஒரு பொட்டுப் புகை இல்லை" என்று துக்கத்தோடு சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "வராமல் இருக்கத்தானே அதைப் பூட்டியிருக்கிறார்கள்?" என்றார். கரி எரியும்போது இடையில் அணைத்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். எப்போதும் அணைப்பேன் என்றேன். ஏன் என்றார். கண்டாக்கையாவை அவருக்கு எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? பெட்டி அடைத்துப்போயிருந்தது. கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிச் சுத்தம் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். எனக்கு ஓட்டம் கொடுக்கிற கம்பெனி அதுவரை காத்திருக்காது. அந்த ஒரு ஓட்டத்தை நம்பித்தான் என் குடும்பமே இருந்தது.

அன்று பின்னேரம் மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டகலையில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே அவருக்கும் லொறிதான் சோறு போடுகிறது.

"தம்பி, உந்தப் பெட்டிய வெட்டி எறிஞ்சுபோட்டு நேர்க்குழாய் பூட்டு. என்ர லொறிக்கு எப்பவோ பூட்டியாச்சு. தலையிடி இல்லை."

"பிடிச்சா என்னங்க பண்றது மாஸ்டர்?"

"ஆர் பிடிக்கிறது? இவ்வளவு பெரிய நாட்டில எங்கட ரெண்டு லொறியின்ர புகைதான் கூடிப்போச்சோ?"

லொறிக்காரர்கள் கோப்பி குடிக்க நிற்கும் இடமெல்லாம் இந்த வழக்குத்தான். சின்ன முதலாளிகளின் கழுத்தை நெரிக்கத்தான் இந்தப் பெட்டி என்று ஒரு கூட்டம் சொல்லும். பிள்ளைகளின் நெஞ்சுக்காக என்று இன்னொரு கூட்டம் சொல்லும். உண்மையைச் சொன்னால் அன்று நான் மாஸ்டர் பக்கம்தான். நாளைக்கே வெட்டிவிடுவது என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

அன்றிரவு, ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து வட்டவளைக்குப் போன் எடுத்தேன். அங்கே என் தங்கை கமலா குடியிருக்கும் லயத்து வீடு ஏற்றத்து வளைவை ஒட்டியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லொறி முனகிக்கொண்டு ஏறுவது போனில் கேட்டது. இரண்டாம் கியர் என்றுகூடத் தெரிந்தது.

"இருங்கண்ணே, ஜன்னல சாத்திட்டு வந்துர்றேன்."

பிறகு இருமல் கேட்டது. விடாத இருமல். சில வருடங்களாகவே அவளுக்கு மூச்சிழுப்பு. ஹட்டனில் ஒரு டாக்டர், வீட்டில் யாராவது சுருட்டுப் பிடிக்கிறார்களா என்று கேட்டாராம். யாரும் பிடிப்பதில்லை. அவளுக்குப் பேச முடியாமல் போக, புருசன் சிவா போனை வாங்கினார். அவரும் ஒரு பழைய லொறி வைத்து அதே ரோட்டில்தான் ஓட்டுகிறார்.

"மச்சான், இங்கயும் பொக சோதனய இறுக்கப் போறாங்களாம். நம்ம லொறி எங்க பாஸாகுறது? எனக்கு வேற என்ன வேல தெரியும், சொல்லுங்க. அங்க இதுக்கெல்லாம் ஏதாச்சும் வழி வச்சிருப்பாங்கல்ல?"

அவருக்குப் பின்னால் கமலா இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் 'ஆர் பிடிக்கிறது?' என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. லொறியை நிறுத்துங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. நிறுத்தினால் அவளுக்கு மருந்து வாங்குவது யார்? "கேட்டுச் சொல்றேன் மச்சான்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் பெட்டியைச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டச் சொன்னேன். நான் பெரிய நல்லவன் என்பதால் அல்ல. அந்த இருமல் காதை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். பயந்தபடியே ஓட்டம் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது கிடைத்த சுமையை ஏற்றிக்கொண்டு திரிகிறேன். அடுத்த வாரம் என்ன என்பது தெரியாது. மாஸ்டர், "உனக்கு விசர்" என்று திட்டினார். சிவா போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறார். நான் கமலாவின் இருமலைப் பற்றிக் கேட்கிறேன்.

இன்று காலை மஞ்சள் விளக்கு எரிந்தது. பனி குவிந்த ரோட்டோரத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் உறுமியது. கை வழக்கம்போல் சாவிக்குப் போக, இனி உள்ளே இருந்தால் சரிவராது என்று சாவியை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். குழாயருகே போய் நின்று பார்த்தேன். சூடு மட்டும் காற்றில் நெளிந்தது. வட்டவளையில் இப்போது பொழுது சாய்ந்திருக்கும். சிவாவின் லொறி வளைவில் ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் குளிரில் என் வாயிலிருந்துதான் புகை போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஒரு ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது போலிருந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.