வேர்வை வராத ஊர்

குன்னூருக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஒற்றை அறை. ஒரு ஸ்டவ், எந்நேரமும் ஈரம் பூத்திருக்கும் ஒரு ஜன்னல், நான். சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே போக ஒரு காரணமும் இல்லை. ஷிப்ட் முடிந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை பேச்சு இல்லை. மலையில் என்ன அமைதி என்று வியக்கிறவர்கள் எல்லாம் இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்.

உடம்பை ஏற்ற வேண்டும் என்ற ஆசை அந்த அறையில்தான் வந்தது. ஆரோக்கியம், கட்டுப்பாடு என்றெல்லாம் கதை விட மாட்டேன். யாராவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன். நான் உள்ளே வந்ததும் வெளியே போனதும் யாருக்கும் தெரிந்ததில்லை.

எப்படி ஏற்றுவது என்று கேட்டதுதான் தாமதம், அதுவரை முகம் பார்க்காதவர்கள்கூட வாய் திறந்தார்கள். கேன்டீன்காரர் முட்டையைப் பச்சையாகக் குடிக்கச் சொன்னார். ஆபீஸ் கிளார்க், முட்டை சூடு, தொடாதே என்றார், அதுவும் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு. மருந்துக்கடைக்காரர் ஒரு டப்பா சத்து மாவை என் தலையில் கட்டினார். அதைக் குடித்ததில் வயிறு மட்டும்தான் ஊதியது. சொன்னவர்களில் ஒருவருடைய உடம்பும் சொன்னதற்குச் சாட்சியாக இல்லை.

கடைசியில் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்கி, ஒரு ஜிம் மாஸ்டரைப் பார்த்தேன். நிஜமாகவே புஜம் உள்ளவர். யாரையோ அதட்டிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்.

"எது செஞ்சாலும் வேர்வை சொட்டோணுங்க. சொட்டுனாத்தான் ஒடம்பு வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி நிறுத்தீராதீங்க."

கோயம்புத்தூரில் சும்மா நின்றாலே சொட்டும். அவர் என்ன செய்வார் பாவம். எங்கள் மலையில் மார்கழி மாதம் கை கால் நடுங்கும்வரை தண்டால் எடுத்தாலும் தோல் காய்ந்தே கிடந்தது. வேர்க்கவில்லையே, இன்னும் போதவில்லை போல என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். உடம்பு ஏறுவதற்குப் பதில் இளைத்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அதிபுத்திசாலித்தனமான யோசனை வந்தது. தேயிலையை உலர்த்தும் டிரையர் ரூம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சத் தூளை உலர்த்தி மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்கள். அறையில் மட்டும் மத்தியானம்வரை அனல் நிற்கும். ஸ்க்ராப்பில் கிடந்த இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்களை, பழைய மெஷினின் பெல்ட் புல்லிகளை, ஒரு இரும்புக் குழாயின் இரு முனைகளிலும் மாட்டினேன். டீப் பெட்டிகள் மேல் பலகை போட்டுப் படுத்துத் தூக்கினேன். வேர்வை குளித்த மாதிரி கொட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேர்வையே என் காலை வாரிவிட்டது. கை வழுக்கி, குழாய் நெஞ்சின் மேல் இறங்கியது. மூச்சை இழுக்க முடிந்தது, விடப் பயமாக இருந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினேன். இல்லை என்று தெரிந்தேதான் கத்தினேன். திங்கட்கிழமை டிரையரைப் போட வருகிறவன்தான் என்னைப் பார்ப்பான், அதற்குள் நானும் நன்றாக உலர்ந்திருப்பேன் என்று நினைத்தேன். பிறகு எப்படியோ ஒரு பக்கமாகச் சாய்த்தேன். புல்லி கழன்று உருண்டது.

விலா எலும்பில் கீறல். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மாவிடம் அனுப்பினார்கள். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். டிரையர் கதையைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, வேர்வை ஒடம்பைக் குளுர வெக்கறதுக்குங்க. சதை ஏறறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. டீயும் பன்னும் தின்னுபோட்டு இரும்பைத் தூக்குனா எங்கிருந்துங்க ஏறும்?"

பருப்பு, வேக வைத்த முட்டை, கொண்டைக்கடலை, வயிறார மூன்று வேளை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. எடையைப் பைய ஏற்ற வேண்டும். எல்லாம் என் சம்பளத்துக்குள் அடங்குகிற விஷயங்கள். குனிந்து தூக்கும் விதத்தைக் காட்டும்போது என் முதுகில் கை வைத்து நிமிர்த்தினார். ஒரு கை என் மேல் பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. விலா வலிக்கிறது போல என்று அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"படுத்துத் தூக்கறப்ப மட்டும் பக்கத்துல ஒருத்தர் நிக்கோணுங்க. இது கட்டாயம். ஊட்டுல ஆளிருக்காங்கதானுங்களே?"

"தம்பி இருக்கானுங்க" என்றேன். எனக்குத் தம்பி கிடையாது.

அவர் சொன்னபடியே சாப்பிட்டேன், தூங்கினேன், குவார்ட்டர்ஸ் குளிரிலேயே தூக்கினேன். சட்டை தோளில் பிடிக்க ஆரம்பித்தது. விலாவைக் காட்டப் போகும்போதெல்லாம் அவர் புஜத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். பஸ்ஸில் மேலே திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டலையே நினைத்துக்கொண்டு வருவேன். அடுத்த முறைக்கு நாள் எண்ணுவேன்.

ஒருமுறை கேட்டார்: "தம்பி நல்லாப் புடிக்கறாருங்களா?"

"புடிக்கறானுங்க."

"அடுத்த தடவை அவரையும் கூட்டீட்டு வாங்க. எப்படி நிக்கோணும்னு நானே காட்டித் தர்றேன்."

சரிங்க என்றேன். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை.