நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் ஏலத்தில் மீன் எடுக்கிற வியாபாரி நான். "களவாணிப் பயலே, அழுகுன மீனையா தள்ளுத?" என்று ஏலம் விடுகிறவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவரும் விடமாட்டார். ஏலம் முடிந்ததும் சேர்ந்து டீ குடிப்போம்.

அதே வாயோடுதான் போனில் ஒரு ஏல ஆப்பிலும் ஏலம் கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரு பெண், இறந்துபோன தன் வாப்பாவின் பழைய கைக்கடிகாரங்களை ஒவ்வொன்றாக ஏலத்தில் விற்றுவந்தார். எனக்கு வந்த கடிகாரம் ஓடவில்லை. உடனே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "சுத்தக் களவாணி" என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் டீக்கடை அண்ணாச்சி கடிகாரத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, இதுக்கு பேட்டரி கிடையாதுலே. சாவி கொடுக்கணும்." இரண்டு திருகு திருகினார். ஓடியது.

எழுதியதை அழிக்கப் பார்த்தேன். அந்த ஆப் விடவில்லை. பார்சலில் இருந்த நம்பருக்குப் பேசி மன்னிப்புக் கேட்டேன்.

"வாப்பா கடியாரம் இப்ப நல்லா ஓடுதா அண்ணாச்சி?" அந்தப் பெண் அவ்வளவுதான் கேட்டார்.

துறைமுகத்தில் நான் திட்டுவது டீயோடு போய்விடும். ஆப்பில் எழுதியது அவர் பெயருக்குக் கீழேயே நிற்கிறது.

நேற்று அவருடைய அடுத்த கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. முன்பெல்லாம் பத்துப் பேர் போட்டி போடுவார்கள். நேற்று கடைசிவரை நான் ஒருத்தன்தான் கேட்டிருந்தேன்.