நாலரை மணிக்கு வரும் அத்தை

அத்தை இறந்த மூன்றாம் நாள், மாலை நாலரை மணிக்கு, அவள் வீட்டு முன்னறையில் அவள் பேசினாள்.

அதில் மர்மம் ஒன்றும் இல்லை. கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அத்தை குரல் கொடுத்து வந்தாள். பிரேசில் நாடகம் ஒன்று தினமும் தமிழில் போய்க்கொண்டிருந்தது. தேன்நிறக் கூந்தல்கொண்ட அதன் நாயகி எங்கள் அத்தையின் குரலில்தான் அழுதாள். வாரம் ஒருமுறை கடுகண்ணாவையில் ரயிலேறிப் போய், வரப்போகும் வாரங்களுக்கும் சேர்த்துப் பேசிவைத்துவிட்டு வருவாள். அதனால் அவள் போன பிறகும் குரல் மிச்சம் இருந்தது.

மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவரை ஏறக்குறைய இருபது நாடுகள், பேச ஸ்பானிஷ், போர்த்துக்கீஸ் என்று இரண்டே பாஷைகள் என்பதும் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அங்க ஒருத்தி அழுதா அத்தனை நாடும் சேந்து அழும்டி. நம்ம கண்டித் தமிழ்ல அழுதா யாழ்ப்பாணத்துல சிரிப்பாங்க" என்பாள். பிரேசில்காரர்களும் மேசை, ஜன்னல், சப்பாத்து என்று கிட்டத்தட்ட நம்மைப் போலவே சொல்கிறார்கள் என்றும் கண்டுபிடித்திருந்தாள். அதனால் அந்த நாடு எங்கோ பன்விலப் பக்கம், இரண்டு மலை தள்ளி இருப்பதாகவே எனக்குப் பட்டது.

வேலையின் சட்டத்தையும் சொல்லியிருந்தாள். "அவ வாயத் தொறந்தா நான் தொறக்கணும். மூடினா மூடிறணும். மூடின வாயில குரல் வந்தா அது பேய்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. துக்கத்துக்காக மாமா வீட்டில் தங்கியிருந்தோம். தொலைக்காட்சியை வெள்ளைப் படுக்கைவிரிப்பால் மூடியிருந்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. மூன்றாம் நாளே மாமா விரிப்பை உருவிவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது? எரிச்ச சூடுகூட ஆறல" என்றார் பெரியப்பா. அத்தைக்கு அவர் மூத்த அண்ணன்.

"அவ பேசுறா மச்சான். கேக்காம எப்படி இருக்கிறது?"

பெரியப்பா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "கருமாதி வரைக்கும் உசிரு வாசல்லதான் நிக்கும். இடங்குடுத்தா உள்ள வந்துரும். வந்தா தனியாப் போகாது. சின்னவளப் பாத்துக்க."

சின்னவள் அத்தையின் ஒரே மகள், ஐந்து வயது. தினமும் நாலரைக்குத் திரையில் மூக்கு முட்ட உட்கார்ந்துகொள்வாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "எங்க அம்மா. அங்க போய் முடிக்குச் சாயம் போட்டிருக்காங்க" என்று காட்டுவாள். வந்தவர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றுவிடுவார்கள். யாரும் திரையைப் பார்க்கமாட்டார்கள். குரல் வர வர, எதிர்ச்சுவரில் மாலை போட்ட படத்தையே பார்ப்பார்கள். மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஜன்னல் வழியே வந்து கால்களைச் சுற்றி நிற்கும்.

பதினைந்தாம் நாள் மாமா மாநகரசபை அலுவலகத்திலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். குளித்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்தார். திரைக்கு நேராகக் கதிரையைப் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு வரைக்குந்தான்" என்றார். மறுநாள் கருமாதி என்பதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நாடகத்தின் முடிவில் நாயகி ஒரு ஜன்னலோரம் வந்து நின்றாள். மழை. வயலின். அத்தை பழக்கிவிட்டபடி நான் உதடுகளையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவை மூடியிருந்தன.

"பூசணி" என்றது குரல்.

சின்னவளை நாங்கள் எல்லோரும் பாப்பா என்போம். பூசணி என்று கூப்பிட்டவள் அத்தை ஒருத்திதான்.

"பூசணி, கிட்ட வா. அம்மா ஒண்ணு சொல்றேன்..."

நாடகத்தில் அழுகிற குரல் அல்ல அது. அடுப்படியிலிருந்து கூப்பிடும் குரல், நடுவில், கடைசி மாதங்களில் அவளை விடாத அந்த இருமலோடு. உதடுகள் அசையவே இல்லை. சின்னவள் மடியிலிருந்து சறுக்கி இறங்கித் திரையை நோக்கி நடந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

இருண்ட கண்ணாடியில் அவள் உள்ளங்கை பதிந்திருந்தது. மாமா எழுந்து வந்து பிளக்கைத் திரும்பச் செருகினார். படம் வர நேரமெடுத்தது. வந்தபோது சவர்க்கார விளம்பரம் ஓடியது. அவர் என்னைத் திட்டவில்லை. பெரியப்பா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார்.

கருமாதிக்கு மறுநாள் நாயகி வேறு யாரோ ஒருத்தியின் குரலில் பேசினாள். சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிஸ்கட் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள், கண்டி ரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, மாமா தானாகச் சொன்னார். "கடைசித் தடவை நானுந்தான் கூடப் போனேன். கடைசிப் பகுதியோட முடிவுல ஒரு நிமிஷம் எனக்குக் குடுங்க தம்பின்னு ஒலிப்பதிவு செய்யிற பையன்கிட்ட கேட்டா. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். வாய் அசையிறதுதான் தெரிஞ்சுது, ஒண்ணும் கேக்கல. என்னடி சொன்னேன்னு கேட்டேன். 'டிவில போடும்போது அவளோட உக்காந்து கேட்டுக்கங்க'ன்னா."

கருமாதி முடிந்த கையோடு அவர் கொழும்புக்குப் போய் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார். ஒளிபரப்பான நாடாவை அழித்து, அதன்மேலேயே அடுத்ததைப் பதிவது அங்கே வழக்கமாம்.

சின்னவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவளை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. பெரியப்பா என்னை மெச்சிய அந்த மாலையில், மாமா கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். சட்டையைக் கழற்றினார். இன்னும் கசங்காத அதை, இஸ்திரி மடிப்பு மாறாமல் வெகுநேரம் மடித்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையை மடிக்க எதற்கு அவ்வளவு நேரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.