மூன்றாவது கேசட்

கேசட்டின் அடிப்பக்கத்தை வாயருகே வைத்துத் தூசி போக ஊதும்போது உதட்டில் ஒட்டிய அந்தத் தகரச் சுவையை நினைத்தால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். 1988 மே மாதம், ஏழாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஆம்பூரில் அத்தை வீட்டில் இருந்தேன். ஷூ கம்பெனியில் மேஸ்திரியாக இருந்த மாமா, கம்பெனி வேலையாக வெளிநாடு போய்த் திரும்பும் வழியில் சிங்கப்பூரில் ஒரு வீடியோ கேம் பெட்டியும் மூன்று கேசட்டுகளும் வாங்கி வந்திருந்தார். மூன்றும் ஒரே ஆட்டத்தின் மூன்று பாகங்கள். தண்ணீருக்குள் புதையல் தேடுகிற ஒருவன் முதல் பாகத்தில் ஏரியிலும், இரண்டாவதில் ஆற்றிலும், மூன்றாவதில் கடலிலும் இறங்குவான். எங்களுக்கு அது "முங்கி ஆட்டம்". மூன்றாவது கேசட்டின் அட்டையில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் ஒன்று, அதன் ஒரே ஒரு சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கடலடியில் விளக்கேற்றியது யார் என்று தெரியாமல் ஊர் திரும்புவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

பெட்டி அத்தை மகன் டேவிட் கையில் இருந்தது. அவனுக்குப் பதினாறு வயது. அவனும் அவனுடைய "தோஸ்த்" பாஷாவும் மாலை முழுவதும் மூன்றாவதை ஆடுவார்கள். காலையில் அவர்கள் பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போகும் நேரம் என்னுடையது. டேவிட்டிடம் மூன்றாவதைக் கேட்டேன்.

"ஒண்ண முடி, ரெண்ட முடி, அப்பறம் கேளு. நாங்கள்லாம் அப்படித்தான் வந்தோம். ஊறாத தோல உங்க நைனா அடுத்த குழிக்கு அனுப்புவாரா? நீ மட்டும் இன்னாடி நேரா கடல்ல குதிக்கிற?"

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், மயிர் கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். "ஊறாத தோல எடுத்தா மயிரு வராது, தோலுதான் கிழியும்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மறுபேச்சு கிடையாது. போதாக்குறைக்கு, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக்கூட முதல் அத்தியாயம் கிடைக்காவிட்டால் நான் தொடமாட்டேன். டேவிட் எனக்குத் தெரிந்த நியாயத்தாலேயே என்னைக் கட்டிப்போட்டான்.

கோடு போட்ட நோட்டு ஒன்றில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு ஆடினேன். "மே 6: ஏரி, மூன்றாம் கட்டம், ஆமையிடம் செத்தேன். மே 9: கடைசிக் கட்டத்தில் கரண்ட் போனது, மறுபடி முதலிலிருந்து." ஏரியை முடித்தது மே 17. ஆறு அதைவிடக் கொடுமை. சுழல்களைத் தாண்டிக் கரையேறியபோது மே 30 ஆகியிருந்தது, கட்டைவிரல் கொப்புளம் இரண்டு தடவை உடைந்திருந்தது. அந்த மாதம் முழுவதும் மாலைகளில் கூடத்தைக் கடக்கும்போது "பாக்காத, கதை கெட்டுடும்" என்று அவர்கள் சொன்னதை மதித்து, டிவியின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் அடுக்களைக்குப் போனேன். இன்றும் என்னைக் கொதிக்க வைப்பது இதுதான். எட்டடி தூரத்தில் இருந்த கடலை நானே பார்க்காமல் இருந்தேன்.

ஆற்றை முடித்த மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மூன்றாவது கேசட் இல்லை. குடியாத்தத்துப் பையன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் கார் ரேஸ் கேசட்டை முந்தின நாள் மாற்றி வாங்கியிருந்தார்கள். டேவிட் என் நோட்டைப் புரட்டினான்.

"டேய், இவ நெசமாவே ரெண்டயும் முடிச்சிருக்காடா."

பாஷா சிரித்தான். "அத எவன் ஆடுவான், பேஜாரு. எங்களால ஏரியயே தாண்ட முடியல, நேரா மூணாவதுக்குப் போய்ட்டோம். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டையும் விதி என்று சொல்லி என் தலையில் கட்டியிருந்தார்கள். ஆனால் டேவிட் நோட்டைத் திருப்பித் தரவில்லை. கடைசிப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான். "சரி சொல்லு, ரெண்டாவது முடிஞ்சா இன்னா வருது?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

போன மாதம் தம்பி மகன் போன் செய்தான். ஏதோ ஆட்டத்தின் நான்காம் பாகம் வந்திருக்கிறதாம். பழைய மூன்றையும் ஆடி முடிக்காமல் அதைத் தொடுவது தப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்களாம், என்ன செய்வது என்று கேட்டான். "சொன்னவன் ஆடினானாடா? மொதல்ல அத கேட்டுட்டு வா" என்றேன். குரல் எனக்கே அதிகமாகத்தான் பட்டது. அப்பா நின்ற குழிகளை மூடிச் சிமென்ட் பூசிவிட்டார்கள். பெட்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. அந்தக் கப்பலில் விளக்கேற்றியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டு மட்டும் இருக்கிறது. "கடல்" என்று தலைப்பெழுதி அடிக்கோடிட்ட பக்கம் வெறுமையாக இருக்கிறது. டேவிட்டுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளில் பார்க்கும்போது இன்னும் விளையாட்டாகக் கேட்கிறான், ஆற்றின் முடிவில் என்ன வரும் என்று. அது என் நோட்டில், மே 30இன் கீழ், மூன்று வரியில் இருக்கிறது. அவன் படிக்கக்கூடும் என்பதால் இங்கேயும் அதை எழுதப்போவதில்லை.