பின் ஆக்சிலில் கேட்ட ஊளை

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் என் வீட்டுக்காரரோடு லாரியில் போகத் தொடங்கினேன். எங்களுக்கு இருப்பது ஒரே லாரி. குறுவை அறுவடை சமயத்தில் ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர்களில் நெல் மூட்டை ஏற்றி, அம்மாபேட்டை பக்கம் இருக்கும் அரிசி ஆலையில் கொண்டுபோய் இறக்குவோம். அவர் ஓட்டுவார். வியாபாரிகளோடும் விவசாயிகளோடும் போனில் பேசுவது என் வேலை.

அந்த வருஷம் அறுவடை நடுவில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். வண்டி நாற்பதைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஒரு ஊளை வரும். ஆக்சிலேட்டரிலிருந்து அவர் காலை எடுத்தால் அதுவே உறுமலாக மாறும். திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றுமே நடக்காதது போல ஓட்டிக்கொண்டிருப்பார். சீசன் முடியட்டும் என்று தெரிந்தே பேசாமல் இருக்கிறார் என நினைத்தேன். பல்வலி வந்தால்கூடக் கன்னம் வீங்கிய பிறகுதான் வாயைத் திறக்கிற மனுஷர் அவர்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னங்க, பின்னாடி சத்தம் வருதே, என்னன்னு பாக்க வேணாமா?"

"ஆமாமா, வரும் போலத்தான் இருக்கு" என்று சொல்லி, குனிந்து கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தார்.

பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆலை போய்ச் சேரும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் முழு லோடோடு ஒரு பாலம் ஏறும்போது, ஊளையோடு 'கடக் கடக்' என்று அடி விழ ஆரம்பித்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த லோடுமேன் கேபின் கூரையைத் தட்டி, "அண்ணே, வண்டி கத்துது!" என்று கூவினார். கூரையில் விழுந்த தட்டல் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டினார். மெதுவாக உருட்டிக்கொண்டே போய் ஆலையில் நெல்லை இறக்கிவிட்டு, தஞ்சாவூருக்கு வெளியே பட்டுக்கோட்டை சாலையில் இருக்கும் பட்டறைக்கு வண்டியை விட்டோம்.

பட்டறைக்காரர் அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் கனரக வண்டிகளுக்கு வேலை பார்த்துவிட்டு வந்து, தகரக் கொட்டகை போட்டுச் சொந்தத் தொழில் நடத்துகிறார். எங்களைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

முதலில் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் நடுவில், என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம். சாலைக்கு வந்து வேகம் எடுத்ததும் ஊளை கிளம்பியது.

"எவ்வளவு நாளாண்ணே இந்தச் சத்தம்?"

என் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார்.

"எந்தச் சத்தம் பாய்?"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு காலை அழுத்தினார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். கேபின் முழுக்க ஊளை.

"இது கேக்கலியாண்ணே உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து வைத்துக் கவனித்தார். "இல்ல" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்தால் எடுத்து என்னிடமே நீட்டுவது, 'சத்தம் வருதே' என்றதற்கு மழை என்று நினைத்து வானத்தைப் பார்த்தது, டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் முகம் சுளித்தது, நான் சொல்வதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் 'ம்' போடுவது எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. என்னை மதிக்கவில்லை என்று நான் ஒரு வருஷமாகக் குமைந்துகொண்டிருக்க, இந்த மனுஷர் என் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பட்டறையில் டிஃபரன்ஷியலைக் கழற்றினார்கள். பின் சக்கரங்களுக்கு நடுவில் பானை போல உப்பியிருக்குமே, அதற்குள் இருப்பது. வடித்த எண்ணெயில் இரும்புத்தூள் மின்னியது. பெரிய பல்சக்கரமான கிரவுனில் குழி விழுந்திருந்தது. அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் ஒரு பல்லின் முனையே உடைந்திருந்தது. பேரிங்குகள் ஆடின.

"முழுசா மாத்திடுங்க பாய். இன்னைக்கே" என்றார் இவர்.

"புதுசா முழுசும் வாங்கணும்னா உங்களுக்குக் கட்டாதுண்ணே. திருச்சில பழைய வண்டி ஒடைக்கிற எடத்துல கெடைக்கும், நாளைக்கே மாட்டிடலாம். ஆனா அது எந்த வண்டியில என்ன பாடு பட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? இன்னொண்ணு, வெளியில இருக்குற இந்த இரும்புக் கூட்டையே வச்சிக்கிட்டு, கிரவுன் பினியன் ஜோடியாப் புதுசு போட்டு, பேரிங் எல்லாம் மாத்திக் கட்டலாம். அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். கூடு நல்லாருந்தாத்தான் அதுவும்."

இவர் எழுந்து டீக்கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். என் பக்கம் குனிந்து ரகசியம் போலச் சொன்னார்: "சீக்கிரம் ஒண்ண மாட்டிக்கிட்டுப் போயிருவோம். காது கேக்காத டிரைவர்னு தெரிஞ்சா யாரு லோடு குடுப்பா?"

ரகசியம் என்று அவர்தான் நினைத்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன்: "கூடு நல்லாருந்தா கட்டிருவோங்க. வண்டி நிக்கிற நாள்ல நாம டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம். வண்டி ஓட ஆரம்பிச்சா நீங்க வரமாட்டீங்க."

"நாளைக்கு ஏத்தறதாச் சொன்ன நெல்லு? அந்த மனுஷன் ரோட்டுல கொட்டி வச்சிருக்காரே."

"அதை நான் பேசிக்கிறேன்."

நெல்லுக்காரர் ஒரு குத்தகை விவசாயி. போனில் பொரிந்து தள்ளிவிட்டார். "மழை பேஞ்சு நனைஞ்சா நீங்களா வந்து காய வைப்பீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. தெரிந்த இன்னொரு லாரிக்காரரிடம் கெஞ்சி, மறுநாள் காலையே நெல்லை ஏற்ற வைத்தேன். அந்த விவசாயி அந்த சீசன் முழுக்க அந்த லாரியையே வைத்துக்கொண்டார்.

நாங்கள் பட்டறைக்குத் திரும்பியபோது பட்டறைக்காரர் கூட்டைத் துடைத்து, பேரிங் உட்காரும் இடங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அங்கே தேய்ந்திருந்தால் புதுசு போட்டும் நிற்காதாம். ஒரு புது பேரிங்கை வைத்துத் தட்டினார். ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்தது. "கூடு தப்பிச்சிருச்சு அண்ணி" என்றார். நான் இவரைப் பார்த்தேன். "சரி பாய், கட்டிருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் வெளியிலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியிலேயே கிடந்தது. அப்புறம் சந்தேகமாகக் கொஞ்சம் எழும்பி, மறுபடி கீழே போனது. பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வருஷக்கணக்கான இன்ஜின் இரைச்சலும் ஹாரனும்தான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும், அது பழகும் வரை ஓட்டக்கூடாது. சண்டை போடுவார் என்று பயந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும், "வாய்க்கால் ரோட்டுல பின்னாடி பள்ளிக்கூட வேனு ஹாரன் அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?" என்றார்.

டிஃபரன்ஷியலைக் கட்டுகிற அன்று முழுக்க அவர் பட்டறையிலேயே குந்தியிருந்தார். பட்டறைக்காரர் பல்லில் சாயம் தடவுவார், இவர் கையால் சுற்றுவார். ஒரு பல் இன்னொன்றின் மேல் எங்கே படுகிறது என்று தடம் விழும். ஓரமாக விழுந்தால் மறுபடி பிரித்து, மெல்லிய தகட்டை மாற்றி வைத்து மாட்டுவார்கள். சாயங்காலம், "இப்ப நடுவுல விழுந்திருக்கு பாய்" என்று இவர்தான் முதலில் சொன்னார். அந்த வாரத்தில் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

வெள்ளோட்டத்தில் பட்டறைக்காரர் ஓட்டினார். வேகம் கூடக் கூட இவர் என் முகத்தையே பார்த்தார். "இருக்கா?" நான் இல்லையென்று தலையாட்டினேன். "நல்லாக் கேட்டுச் சொல்லு" என்றார்.

காதுக்கு மிஷின் வந்து பழகும் வரை சம்பளத்துக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டோம். அந்த சீசனில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. டாக்டர் சரி சொன்ன பிறகு சம்பா அறுவடைக்கு இவரே மறுபடி உட்கார்ந்தார். முதல் நாள், புது ஆறு என்கிற கால்வாயின் கரையில் போகும்போது வண்டியைச் சட்டென்று நிறுத்தினார். "என்னமோ அடிக்குது." இறங்கிப் பார்த்தால் தார்ப்பாய்க் கயிறு. கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தினார். சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

"இப்படி நின்னு நின்னு போனா ஆலையைப் பூட்டிட்டுப் போயிருவாங்கங்க!" என்றேன், பழக்கத்தில் கத்தி.

அவர் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏன், நீ இவ்வளவு சத்தமாவா பேசுவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார்.