ஃப்ரேம் அவருடையது, ஃபோர்க் என்னுடையது

என் மனைவியின் சைக்கிளில் ஃப்ரேம் ஒரு பச்சை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வேறொரு பச்சை. நிழலில் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. வெயிலில் நிறுத்தினால் எனக்குத் தெரியும். ஃப்ரேமில் இருப்பது பவுடர் கோட்டிங். அதைச் செய்துகொடுத்தவர் என் சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஃபோர்க்கிலும் செயின் கவரிலும் மட்கார்டுகளிலும் இருப்பது பெயின்ட். அது நான் அடித்தது.

இருவருக்குமே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில்தான் வேலை. நான் கம்பி மில்லில் இருக்கிறேன். கட்டி வைத்த கம்பிக் கட்டுகளின் முனையில் பெயின்ட் தொட்டு வைப்பது என் பொறுப்பு. கம்பியின் கனத்துக்கு ஏற்றபடி நிறம் மாறும். லாரியில் ஏற்றுகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, அதிலும் நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவனுக்கு, ஒத்துவருகிற வேலை. சகலை இருப்பது பவுடர் கோட்டிங் பட்டறையில். என் கையில் பிரஷ், அவர் கையில் பவுடர் பீய்ச்சுகிற கன். அந்த கன்னை அவர் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வேலையாட்கள் ஆளுக்கு ஒரு பீஸ் தங்கள் வீட்டுச் சாமானைக் கொண்டுவந்து கம்பெனி சாமானோடு சேர்த்து ஓவனில் ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் கிடைக்கும். கேட்டு வாங்க முடியாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு வருஷம் எல்லார் வீட்டு கேட்டும் ஆரஞ்சு, இன்னொரு வருஷம் எல்லார் வீட்டுக் கட்டிலும் கரண்டு பெட்டியின் சாம்பல் நிறம். சகலை வீட்டில் கேட், கட்டில், ஸ்டூல், அவருடைய சைக்கிள் எல்லாமே அப்படி வந்தவை. அவர் சைக்கிள் நீலம். மழைத்தண்ணீர் அதில் நிற்காது, உருண்டு ஓடிவிடும். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அந்த ஃப்ரேமை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாள். புதுப் பாத்திரத்தைக் கடையில் தடவுவதுபோல. நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அவள் பேக்கிங் கம்பெனிக்குப் போகிற சைக்கிள் துருவேறி, பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, சேலையில் கறை பண்ணிக்கொண்டிருந்தது. நானே அடித்துத் தருவதாக மனதுக்குள் முடிவு செய்து, கிளிப்பச்சையில் ஒரு டப்பா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவளுக்குப் பச்சை பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்றிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு வந்துவிட்டார்.

"இன்னா அண்ணி, சைக்கிள்ல இருக்கறது துருவா, இல்ல துரு மேல சைக்கிளா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

மனைவி சிரித்தாள். "உங்க அண்ணன் பெயின்ட் அடிக்கறன்னு டப்பா வாங்கி ஒளிச்சி வெச்சிக்கினு கீறாரு."

அவளுக்கு டப்பா விஷயம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பெயின்டா? ஒரு மழ தாங்காது. கம்பி முனைக்குப் பொட்டு வெக்கற மாதிரி அண்ணி சைக்கிளுக்கும் பொட்டு வெச்சி உட்ராதண்ணா. எங்கிட்ட குடு. ஆசிட்ல முக்கி துருவ எடுத்து, பவுடர் அடிச்சி, ஓவன்ல சுட்டு எடுத்தா இருவது வருசம் பேசாது. இந்த வாட்டி பச்சதான் ஓடுது, டிராக்டர் சாமான் வந்துகீது."

"அது உன் பீஸ் ஆச்சே" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

அவர் மனைவி உடனே, "அப்போ என் துணி ஸ்டாண்டு?" என்றாள்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம். அண்ணிக்கு இல்லாததா?"

இதுதான் என்னைக் கொன்றது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார். மனைவி என்னைப் பார்த்தாள். "இன்னாயா, குடுக்கலாமா? நீ அடிச்சா காயறதுக்கே ரெண்டு மூணு நாள் ஆவும். அது வரைக்கும் நான் நடந்தா போவ முடியும்?"

பெயின்டின் பக்கம் சொல்ல என்னிடமும் இருந்தது. கீறல் விழுந்தால் தொட்டு வைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறம் மாற்றலாம், ஓவன் வேண்டாம், யார் தயவும் வேண்டாம். அதெல்லாம் அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வரிசையாக வாய்க்கு வந்தது. அதற்குள் நான் தலையாட்டியிருந்தேன்.

சைக்கிளைப் பிரித்தபோது வந்தது அடுத்த சிக்கல். ஆளுக்கு ஒரு பீஸ் என்றால் ஒரு பீஸ்தான். ஃப்ரேம் ஒரு பீஸ். ஃபோர்க் இன்னொரு பீஸ். செயின் கவர், மட்கார்டு எல்லாம் தனித்தனி. சூப்பர்வைசர் ஃப்ரேமை மட்டும் கொக்கியில் மாட்ட விட்டாராம். மீதியைச் சகலை போனில் என் தலையில் கட்டினார். "மிச்சத்த நீ பாத்துக்கண்ணா. அதான் டப்பா இருக்குதே."

காலையில் போன ஃப்ரேம் சாயங்காலம் வந்துவிட்டது. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்ததும் மனைவி "அய்யே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வழிசல் இல்லை, பிரஷ் தடம் இல்லை, வெல்டிங் மேட்டில்கூட ஒரே சீராகப் படிந்திருந்தது. நன்றாக இருந்தது. குறை கண்டுபிடிக்க டியூப்லைட் அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அந்தப் பச்சை என் கிளிப்பச்சை இல்லை. கொஞ்சம் அழுத்தம். மில்லில் கேட்டுக் கொஞ்சம் கறுப்பு பெயின்ட் எடுத்துவந்து, குச்சியால் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். ஃபோர்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொன்று. என் வாழ்நாளில் எந்தச் சாமானுக்கும் நான் அத்தனை பொறுமையாக பெயின்ட் அடித்ததில்லை. அந்த நாட்களில் அவளை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன். அது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது.

பூட்டி முடித்து வீட்டுக்குள் பார்த்தபோது எல்லாம் ஒரே பச்சைதான். மறுநாள் வெயிலில் இரண்டாகத் தெரிந்தது.

பிறகு மழைக்காலம் வந்தது. அவள் கம்பெனி ஸ்டாண்டைத் தாண்டித்தான் என் மில். தினமும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு அந்தச் சைக்கிளைச் சுற்றிவந்து பார்ப்பேன். எது முதலில் போகும்? கார்த்திகை முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியில், நட்டுக்குப் பக்கத்தில், என் பெயின்ட் கொப்பளித்தது. இரவோடு இரவாக உரிந்துவிடும் என்று பயந்து, அவளுக்குத் தெரியாமல் தொட்டு வைத்தேன். ஃப்ரேம் கல்லுப்போல இருந்தது.

பொங்கலுக்கு முன் ஒரு நாள் ஸ்டாண்டில் சைக்கிள்கள் வரிசையாகச் சரிந்து விழுந்தன. யாருடையதோ பெடல் அவள் ஃப்ரேமில் குத்தி, நகத்தளவு பவுடர் ஓடுபோல பெயர்ந்து இரும்பு தெரிந்தது. அவள் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளே திருவிழா. அதை மறைக்கக் குனிந்து செயினைச் சரிபார்ப்பதுபோல நின்றேன்.

காணும் பொங்கலுக்கு சகலை வந்தபோது அவளே காட்டினாள். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பவுடர்ல இப்டி துளியூண்டு ஒட்டு போட முடியாது அண்ணி. மொத்தத்தயும் உரிச்சி மறுபடி ஏத்தணும்." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீதான் ஒரு பொட்டு வெய்யேன்." இந்த முறை கிண்டலாகச் சொல்லவில்லை.

மனைவி அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து டப்பாவைத் தானே எடுத்துவந்தாள். மேலே ஆடை கட்டியிருந்ததைக் குத்தி எடுத்து, இந்த முறை வெயிலிலேயே உட்கார்ந்து கலந்தேன். சகலை பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி முனையில் வைத்து வைத்துப் பழகிய கை. ஓரத்தில் கோடு தெரியாமல், பக்கத்துப் பவுடரில் ஏறாமல், பள்ளம் மட்டும் நிறைய வைத்தேன். காய்ந்ததும் மூவரும் பார்த்தோம்.

"எங்க இருந்துச்சின்னே தெர்ல" என்றாள் மனைவி.

சகலை என் முதுகில் தட்டினார். அந்த ஒரு நிமிஷம்தான் சந்தோஷம். வேலை முடிந்ததே தெரியவில்லை என்றால், அங்கே நான் செய்தது எதுவும் இல்லை. மறுபடியும் அது முழுக்க அவர் ஃப்ரேம். என் கையாலேயே அவர் வேலையைக் குறையில்லாததாக ஆக்கிக் கொடுத்திருந்தேன்.

பொங்கல் லீவு முடிந்து போன அன்று ஸ்டாண்டில் அவளோடு வேலை செய்கிற பெண் கேட்டாள். "அன்னிக்கு பேந்துச்சே, புதுசா கோட்டிங் போட்டியா? கோட்டிங் யாரு போட்டது?"

"என் தங்கச்சி ஊட்டுக்காரரு" என்றாள் மனைவி. பொய்யில்லை. அந்தப் பெண் ஃப்ரேமைத்தானே கேட்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது அவள் என் பக்கத்தில் ஓட்டிவந்தாள். லாரிகள் போகிற ரோட்டைத் தாண்டிய பிறகு கேட்டாள். "இன்னாயா, காலைலேந்து மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஒன்னுமில்ல."

கொஞ்ச தூரம் போய், "ஃபோர்க்குல அடியில மறுபடி உரியுது பாரு. நீ தெரியாம தொட்டு வெச்சியே, அந்த எடம்தான். ஞாயித்துக்கெழம நல்லா உக்காந்து அடி. நான் புடிச்சிக்கறேன்" என்றாள்.

"அன்னிக்கு உன் தங்கச்சி ஊட்டுலேந்து வராங்களா?"

"ஏன், அவரும் வரணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தேன். அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். சகலை வரவில்லை. ஃபோர்க்கை ஒரு பொழுது முழுக்க அடித்தேன்.